முதலாம் பக்கத்தை யாராலும் விற்க முடியாது



ஒடியல் மா, கறித்தூள், பனையோலைக் கடகம், கைத்தறிப் புடைவை என்று எமது பெண்கள் ஆக்கும் பொருட்கள் இன்று ஊர்ச் சந்தையோடு நின்றுவிடுவதில்லை. சிலர் முகநூலில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். சிலர் பிள்ளைகளின் உதவியோடு சிறிய இணையத்தளம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கி ஓரிரு மாதங்களில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. "கூகுளில் தேடினால் எங்களுடையது வருகுதில்லையே, ஏன்?"

இந்தக் கேள்வி மனதில் எழுந்திருக்கும் நேரத்தில்தான் ஒரு தொலைபேசி அழைப்பும் வருகிறது. "அக்கா, மாதம் இவ்வளவு தாருங்கள், உங்கள் கடையைக் கூகுளில் முதலாவதாகக் கொண்டுவருகிறோம், உத்தரவாதம்" என்று அழைப்பவர் சொல்கிறார். குழுக்கடனிலோ சீட்டுக் காசிலோ தொழில் தொடங்கிய ஒரு பெண், அந்தக் காசின் ஒரு பகுதியை இவரிடம் கொடுத்துவிட்டால் அது திரும்பி வருமா? இந்த மாதம் அதைப் பற்றித்தான் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

தேடுபொறி எப்படி வரிசைப்படுத்துகிறது?

கூகுள் நிறுவனத்தை 1998 ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்ற இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கினார்கள். அவர்களுடைய அடிப்படைக் கருத்து மிகவும் இலகுவானது. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் நல்ல தையற்காரி யாரென்று அறிய நாலு பேரிடம் கேட்பார். பலரும் ஒருவரையே சொன்னால், அதிலும் ஊரில் மதிப்புள்ளவர்கள் சொன்னால், அவரிடம் போவார். அதைப் போல, ஓர் இணையப் பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன, சுட்டிக் காட்டுபவை எவ்வளவு நம்பிக்கைக்குரியவை என்று கணக்கிட்டு அவர்கள் வரிசைப்படுத்தினார்கள்.

இன்று இந்தக் கணக்கில் இன்னும் பல விடயங்கள் சேர்ந்துள்ளன. தேடியவரின் சொல்லுக்குப் பக்கம் உண்மையாகவே பதில் தருகிறதா, கையடக்கத் தொலைபேசியில் ஒழுங்காகத் தெரிகிறதா, விரைவாகத் திறக்கிறதா, தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பன எல்லாம் பார்க்கப்படுகின்றன. ஆனால் ஒன்று மாறவில்லை. இந்த இயல்பான வரிசையில் இடம் பிடிக்கக் கூகுள் காசு வாங்குவதில்லை. காசு கொடுத்து வரும் இடங்கள் விளம்பரம் என்ற அடையாளத்தோடு தனியாகவே காட்டப்படும். காசு தீர்ந்தவுடன் அந்த விளம்பரமும் மறைந்துவிடும்.

முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

வரிசையில் முன்னுக்கு வருவது இரண்டாவது வேலை. தேடுபொறியின் கண்ணில் படுவதே முதலாவது வேலை. புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் இந்த முதற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, எல்லாத் தகவலும் படத்துக்குள் இருப்பது. பொருளின் பெயர், விலை, நிறை எல்லாவற்றையும் அழகான ஒரு விளம்பரப் படமாகச் செய்து போட்டுவிடுகிறோம். மனிதர் அதை வாசிப்பார். தேடுபொறியோ படத்துக்குள் உள்ள எழுத்தை நம்பி வரிசைப்படுத்துவதில்லை. எனவே படத்தின் கீழே அதே விபரங்களை எழுத்தாகவும் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, பாமினி எழுத்துரு. எமது நாட்டில் அச்சகங்களிலும் கொமினிக்கேசன்களிலும் நீண்ட காலமாகப் பாவனையில் உள்ள எழுத்துரு இது. அச்சடிக்க அது நல்லதுதான். ஆனால் இணையத்துக்கு அது உதவாது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்ற ஆங்கில விசைகளே. 'ஒடியல் மா' என்று ஒருவர் தேடும்போது உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சொல் இருப்பதே தேடுபொறிக்குத் தெரியாது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. உங்கள் பக்கத்தில் உள்ள ஒரு வரியைப் பிரதி செய்து வட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். தமிழாகப் போனால் அது யுனிகோட், கவலையில்லை. ஆங்கில எழுத்துக் குவியலாகப் போனால் மாற்றி அடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மூடிய கதவு. வட்ஸ்அப் குழுவிலும், உறுப்பினர் மட்டும் பார்க்கக்கூடிய முகநூல் குழுவிலும் நீங்கள் எவ்வளவு எழுதினாலும் தேடுபொறி உள்ளே வர முடியாது. அங்கே விற்பனை நடந்தால் நல்லது, தொடருங்கள். ஆனால் தேடி வருபவருக்காகப் பொதுவில் திறந்திருக்கும் ஒரு பக்கமாவது வேண்டும்.

உங்கள் இணையத்தளம் கூகுளின் பதிவில் இருக்கிறதா என்பதையும் நீங்களே பார்க்கலாம். தேடும் பெட்டியில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் பதிவில் உள்ளன என்று அர்த்தம்.

வாங்குபவரின் சொல் எது?

நாம் எமது தொழிலுக்கு ஆசையாக ஒரு பெயர் வைக்கிறோம். பிள்ளையின் பெயராக இருக்கும், அல்லது குலதெய்வத்தின் பெயராக இருக்கும். எம்மை அறியாதவர் அந்தப் பெயரைத் தேடமாட்டார். அவர் தேடுவது பொருளை.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 'கறித்தூள்' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பினால், பெரிய நிறுவனங்களோடும் பெரிய அங்காடிகளோடும் போட்டியிட வேண்டும். அவர்களுக்குப் பல வருடப் பழைமையும் ஆயிரக்கணக்கான பக்கங்களும் உண்டு. புதிதாக வந்தவர் அந்தக் கூட்டத்துக்குள் நுழைவது மிகவும் கடினம். ஆனால் 'வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள் 500 கிறாம்' என்று தேடுபவர்கள் சிலராக இருந்தாலும், அவர்களுக்குப் பதில் தரும் பக்கங்களும் சிலவே. அத்தோடு அப்படித் தேடுபவர் சும்மா பார்க்க வந்தவர் அல்ல, வாங்க வந்தவர். அகன்ற தெருவில் கடைசிக் கடையாக இருப்பதைவிட ஒழுங்கையில் முதற் கடையாக இருப்பது எமக்கு நல்லது.

வாங்குபவர் யாரென்றும் யோசியுங்கள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் அம்மா 'ஒடியல் மா' என்று தமிழில் தேடக்கூடும். அங்கே பிறந்து வளர்ந்த மகள் அதையே ஆங்கில எழுத்தில், தன் காதுக்குக் கேட்டபடி அடிப்பாள். பனை என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் எமது பனை அபிவிருத்திச் சபை கடைசியில் 'எச்' சேர்த்து எழுதுகிறது. வெளிநாடுகளில் அந்த 'எச்' இல்லாமலே பலர் எழுதுகிறார்கள். தேடுபொறி சில வேறுபாடுகளைத் தானாகவே புரிந்துகொள்ளும். என்றாலும் பொருளின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அது என்னவென்று இரண்டு வரி விளக்குவது நல்லது. 'பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்து இடித்த மா. கூழுக்கும் பிட்டுக்கும் ஏற்றது' என்று எழுதினால், ஒடியல் என்ற பெயர் தெரியாமல் 'கூழுக்கு மா' என்று தேடுபவரும் உங்களிடம் வந்து சேர வழி பிறக்கும்.

மற்றவர்கள் என்ன சொல்லால் தேடுகிறார்கள் என்பதை அறியச் செலவு எதுவும் தேவையில்லை. கூகுளில் ஒரு சொல்லைத் தொடங்கும்போது கீழே தானாக விரியும் சொற்களைப் பாருங்கள். அவை மக்கள் தேடும் சொற்களே. அதைவிட நல்ல வழி, தொலைபேசியில் ஓடர் தரும் வாடிக்கையாளர்கள் பாவிக்கும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. "முறுகல் இல்லாத பினாட்டு இருக்கா?" "சீனி சேர்க்காத பனங்கட்டியா?" என்று அவர்கள் கேட்கும் கேள்விகளும் உங்கள் பதில்களும் அப்படியே உங்கள் பக்கத்தில் இடம்பெறட்டும்.

உத்தரவாதம் தருபவர்களிடம் அவதானம்

இனி அந்தத் தொலைபேசி அழைப்புக்கு வருவோம். கூகுளில் முதலிடம் தருவதாக எவரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தனது வழிகாட்டலில் எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் உத்தரவாதம் தருபவர்கள் அதை எப்படிச் செய்து காட்டுகிறார்கள்?

ஒரு வழி, யாருமே தேடாத ஒரு சொல்லில் முதலிடம் காட்டுவது. உங்கள் கடையின் முழுப் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடினால் நீங்கள் முதலாவதாக வருவதில் அதிசயம் இல்லை. இன்னொரு வழி, உங்கள் தொலைபேசியிலேயே தேடிக் காட்டுவது. நீங்கள் அடிக்கடி திறக்கும் பக்கம், நீங்கள் இருக்கும் ஊர் என்பவற்றுக்கேற்ப முடிவுகள் மாறுவதுண்டு. எனவே உங்கள் தொலைபேசியில் முதலாவதாகத் தெரிவது பாரிஸில் இருப்பவருக்கும் அப்படித் தெரியும் என்பதற்குச் சான்று அல்ல. வேறு சிலர் "500 சொற்களைத் தளத்துக்குள் மறைத்து வைக்கிறோம்" என்பார்கள். தளத்தின் உள்ளே எழுதும் அத்தகைய குறிச்சொற் பட்டியலை வரிசைப்படுத்தலுக்குத் தாம் பாவிப்பதில்லை என்று கூகுள் 2009 ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

மிகவும் ஆபத்தான வழி, காசுக்கு வாங்கிய சிபாரிசு. நாலு பேர் சுட்டிக் காட்டினால் மதிப்பு என்றோம் அல்லவா? அந்தச் சுட்டிகளைக் காசு கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பழைமையான பெரும் அங்காடி நிறுவனத்துக்கு இப்படித்தான் நடந்தது. அதற்குச் சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதன் சுட்டிகள் இருந்ததை 2011 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒருவகைப் பயணப் பெட்டிக்கான தேடலில் முதலாம் இடத்தில் இருந்த அந்த நிறுவனம் சில மணி நேரத்தில் 71 ஆம் இடத்துக்கு இறங்கியது. தமக்கு இது தெரியாது என்று சொல்லி, அந்த வேலையைச் செய்த நிறுவனத்தை அவர்கள் நீக்கினார்கள். அவர்களிடம் பணமும் பெயரும் இருந்தன, மீண்டும் எழுந்தார்கள். ஒரே ஒரு தளத்தை நம்பி இருக்கும் எமக்கு அப்படி நேர்ந்தால் தாங்க முடியுமா?

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். ஒருவர் மாதம் 15,000 ரூபா கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொதி கறித்தூளில் உங்களுக்கு 150 ரூபா மிஞ்சுகிறது என்றால், அவருக்குக் கொடுப்பதற்காக மட்டும் மாதம் 100 பொதிகள் மேலதிகமாக விற்க வேண்டும். தேடுபொறியில் மாற்றம் தெரியப் பொதுவாக 4 மாதம் முதல் ஒரு வருடம் வரை செல்லும் என்பது கூகுள் தரும் அறிவுரை. 4 மாதம் என்றாலே 60,000 ரூபா, அதாவது 400 பொதிகள். அவ்வளவு ஓடர் வந்தாலும் இரண்டு கைகளால் வறுத்து இடித்து அனுப்ப முடியுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். கடன் எடுத்துச் செய்யக்கூடிய செலவு அல்ல இது.

இந்தத் துறையில் நேர்மையாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உத்தரவாதம் தரமாட்டார்கள். என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு காலம் செல்லும் என்று விளக்குவார்கள். கேள்வி கேட்டால் கோபிக்கமாட்டார்கள்.

உண்மையான சிபாரிசு எமக்கு அருகில்தான் இருக்கிறது

காசுக்கு வாங்காத சிபாரிசு எங்கிருந்து வரும்? எமது பெண்களுக்கு அது குறைவில்லை. நீங்கள் அங்கத்தவராக உள்ள கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ இணையத்தளம் இருந்தால், உற்பத்தியாளர் பட்டியலில் உங்கள் பக்கத்தையும் சேர்க்கச் சொல்லலாம். புலம்பெயர்ந்தவர்கள் நடத்தும் ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள் பலவற்றுக்கும் தளங்கள் உண்டு. கண்காட்சியில் பங்குபற்றினால் அதைப் பற்றி எழுதுபவரிடம் உங்கள் பக்கத்தின் முகவரியையும் கொடுங்கள். இப்படிப்பட்ட நாலு உண்மையான சுட்டிகள், வாங்கிய நாலாயிரத்தைவிடப் பெறுமதியானவை.

ஊரிலும் அயலிலும் நேரில் விற்பவர்கள் கூகுள் வரைபடத்தில் தமது தொழிலை இலவசமாகப் பதியலாம். 'கூகுள் பிசினஸ் புரொபைல்' என்பது அதன் பெயர். 2021 வரை 'கூகுள் மை பிசினஸ்' என்றிருந்தது. நேரில் எவரையும் சந்திக்காமல் இணையத்தில் மட்டும் விற்பவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை. தையல், சாப்பாடு, பலகாரம் போன்ற தொழில் செய்பவர்களுக்கு இது மிகவும் உதவும். தேடியவருக்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு கிட்டிய தூரம், எவ்வளவு அறியப்பட்டவர் என்ற மூன்றையும் வைத்தே இங்கு வரிசை அமைகிறது. கிட்டிய தூரம் என்பது பெரிய நிறுவனத்துக்கு இல்லாத, உங்களுக்கு உள்ள பலம். நல்ல வாடிக்கையாளர்களிடம் உண்மையான கருத்தை எழுதச் சொல்லிக் கேளுங்கள். காசுக்கு வாங்கும் பொய்க் கருத்துகள் வேண்டாம்.

ஆனால் ஒரு முக்கியமான விடயம். பிள்ளைகளோடு தனியாக வாழும் பெண், வீட்டு முகவரியை உலகம் முழுவதும் பார்க்கும்படி போடத் தேவையில்லை. பொருளை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பவராக இருந்தால், முகவரியை மறைத்து, சேவை செய்யும் ஊர்களை மட்டும் காட்டும் வசதி அந்தப் பதிவிலேயே உண்டு. தொழிலுக்கென்று வேறு சிம் ஒன்றைப் பாவியுங்கள். பதிவை உறுதிப்படுத்த வரும் இலக்கத்தை, அழைப்பெடுத்துக் கேட்கும் எவரிடமும் சொல்லாதீர்கள்.

துயரத்தை விற்க வேண்டாம்

தளம் செய்து தருபவர்கள் சிலர், "உங்கள் கதையை எழுதுங்கள், யுத்தத்தில் என்ன நடந்தது, யாரை இழந்தீர்கள் என்று போட்டால் ஆட்கள் கூட வருவார்கள்" என்று சொல்வதுண்டு. எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உங்கள் உரிமை. ஆனால் தேடுபொறியில் முன்னுக்கு வர அது ஒரு நிபந்தனை அல்ல. கடகம் தேடுபவர் அறிய விரும்புவது அதன் அளவு, ஓலையின் தன்மை, விலை, எத்தனை நாளில் வந்து சேரும் என்பனவே. ஓலையை எப்படித் தெரிந்தெடுக்கிறீர்கள், எப்படிச் சாயமிடுகிறீர்கள், எத்தனை நாள் இழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அது உங்கள் கைக்கு மட்டுமே தெரிந்த விடயம். வேறொருவர் பிரதி செய்து எழுத முடியாது. இணையத்தில் ஒருமுறை போட்ட துயரக் கதையையும் பிள்ளைகளின் படத்தையும் முழுமையாகத் திரும்பப் பெறுவது கடினம் என்பதையும் மனதிற் கொள்ளுங்கள்.

சாவி உங்கள் கையில் இருக்கட்டும்

தளத்தின் பெயரை யார் பெயரில் பதிந்திருக்கிறார்கள், எந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? செய்து தந்த தம்பியின் பெயரில் இருந்தால், அவர் வெளிநாடு போனாலும், உங்களோடு மனஸ்தாபப்பட்டாலும், உங்கள் பல வருட உழைப்பு அவரிடமே தங்கிவிடும். தளத்தின் பெயர், முகநூற் பக்கம், கூகுள் பதிவு மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடவுச்சொற்களைக் கொப்பியில் எழுதி, காணி உறுதியோடு வைப்பதைப் போலப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் முதலாம் பக்கம் நிச்சயமில்லை. 2024 ஆம் ஆண்டிலிருந்து கூகுள் பல தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தை மேலே காட்டத் தொடங்கியுள்ளது. அதை வாசித்துவிட்டுத் தளங்களைத் திறக்காமலே போகிறவர்களும் உண்டு. எனவே தேடுபொறி ஒரு வாசல் மட்டுமே. ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் வாங்குவதும், தன் தங்கைக்குச் சொல்வதும் இன்றும் எமது பெரிய பலம்.

இந்த மாதம் செய்து பார்க்க மூன்று வேலைகள். உங்கள் பக்கத்தில் ஒரு வரியைப் பிரதி செய்து அது யுனிகோட்தானா என்று பாருங்கள். அதிகம் விற்பனையாகும் ஒரு பொருளைப் பற்றி, வாங்குபவரின் சொற்களில் பத்து வரி எழுதிப் போடுங்கள். தளம் யார் பெயரில் உள்ளது என்று கேட்டு அறியுங்கள். மூன்றுக்கும் ஒரு சதமும் செலவில்லை.

அடுத்த மாதம், தபாலில் வெளிநாட்டுக்குப் பொதி அனுப்பும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.